மாமிசத்தை எடுத்தாச்சு, அந்த இடத்தில் என்ன வைத்தீர்கள்?

வாசகர் கேள்வி:

வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் செங்காங்கில் இருக்கிறோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் எங்கள் மகள் விலங்குகள் மேல் உள்ள அக்கறையால் சென்ற ஆண்டு வீகன் ஆகிவிட்டாள், மாமிசம் மட்டுமில்லை, பால், நெய், முட்டை எதையும் தொடமாட்டாள். கணவருக்கு வயது 53, நீரிழிவு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், கெட்ட கொழுப்பும் கூடுதல். சரி, எல்லாருக்கும் நல்லதுதானே என்று மூன்று மாதமாக வீட்டுச் சமையல் முழுவதையும் வீகனாக மாற்றிவிட்டேன். காலையில் இட்லி அல்லது தோசை, மதியம் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு கீரை, இரவு சப்பாத்தி, தேங்காய் அரைத்த காய்கறிக் குருமா, டீக்கு ஓட்ஸ் பால். ஆனால் பலதுறை மருந்தகத்தில் எடுத்த பரிசோதனையில் கணவரின் சர்க்கரை குறையவில்லை, கொஞ்சம் ஏறியிருக்கிறது. மாமியார் "இது என்ன பத்தியச் சாப்பாடா" என்று கேட்கிறார். தீபாவளிக்கு உறவினர்கள், அலுவலக நண்பர்கள் என்று 30 பேர் வருவார்கள். அவர்களில் மலாய்க்காரர்களும் சீனர்களும் உண்டு. வழக்கமாக மட்டன் பிரியாணி. இந்த முறை வீகனாகச் செய்தால் சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

உணவியல் ஆலோசகர் பதில்:

வணக்கம் சகோதரி. சர்க்கரை ஏறியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்தாலே காரணம் தெரிகிறது. மீனும் கோழியும் முட்டையும் தயிரும் தட்டை விட்டுப் போய்விட்டன, நல்லது, ஆனால் அந்த இடத்தில் புதிதாக எதுவும் வரவில்லை. ஏற்கனவே இருந்த சோறும் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும்தான் பரவி உட்கார்ந்துவிட்டன. வீகனுக்கு மாறும் நம் வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்.

"சாம்பாரில் பருப்பு இருக்கிறதே" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 கிராம் துவரம்பருப்பு வேகவைக்கிறீர்கள் என்று வையுங்கள், அதில் புரதம் 44 கிராம் அளவுக்கு இருக்கும். அந்தச் சாம்பாரை நான்கு பேர் இரண்டு வேளை ஊற்றிக்கொண்டால் ஒருவருக்கு ஒரு வேளைக்குக் கிடைப்பது ஐந்தரை கிராம். முன்பு அதே வேளையில் ஒரு நல்ல மீன் துண்டிலிருந்து 20 கிராமுக்கு மேல் கிடைத்திருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் புரதம் தேவை, ஆக உங்கள் வீட்டுச் சாம்பார் குழம்புதானே தவிர புரத உணவு அல்ல. புரதம் குறைந்தால் வயிறு சீக்கிரம் பசிக்கும், பசித்தால் இன்னொரு சப்பாத்தி, அப்புறம் நாலு மணிக்கு பிஸ்கட். பாலும் வெண்ணெயும் சேர்க்காத பிஸ்கட்டும் முறுக்கும் வீகன்தான், கோலாவும் வீகன்தான்.

நம் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 'மை ஹெல்தி பிளேட்' படத்தைப் பார்த்திருப்பீர்கள், பாதித் தட்டு காய்கறி பழம், கால் தட்டு முழுத்தானியம், கால் தட்டு புரதம். உங்கள் வீட்டில் காணாமல் போனது அந்தக் கடைசிக் கால் தட்டு. அதை நிரப்ப வெளிநாட்டிலிருந்து வரும் விலை உயர்ந்த வீகன் பொட்டலங்கள் வேண்டியதில்லை, ஈரச்சந்தைக்குப் போனால் போதும். தாவ்குவா, அதாவது கெட்டியான சோயா தோஃபு, 100 கிராமில் 12 முதல் 15 கிராம் புரதம், சோயாபீனைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேவில் ஏறத்தாழ 19 கிராம், நம் கடைகளில் கிடைக்கும் மீல்மேக்கரில் உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 50 கிராமை ஒட்டி. தாவ்குவாவுக்கும் தெம்பேவுக்கும் ஓரிரு வெள்ளிதான் ஆகும். இந்த ஊரில் இருந்துகொண்டு, சீனர்களும் மலாய்க்காரர்களும் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கும் இவற்றை நம் அடுப்படியில் ஏன் இன்னும் விருந்தாளியாகவே வைத்திருக்கிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தாவ்குவாவை நம் முறையிலேயே சமைக்கலாம். விரலளவு துண்டுகளாக வெட்டி, தண்ணீர் வடிய ஒரு கனமான பாத்திரத்தை மேலே வைத்து அரை மணி நேரம் விட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சோம்புத்தூள், உப்பு, கொஞ்சம் புளிக்கரைசல் தடவி, கறிவேப்பிலையோடு தோசைக்கல்லில் போட்டு எடுங்கள், மீன் வறுவலுக்குச் செய்வது மாதிரியேதான். மீதம் இருந்தால் மறுநாள் காரக்குழம்பில் போடுங்கள், குழம்பு நன்றாக உள்ளே இறங்கும். தோசையை வாரத்தில் மூன்று நாளாவது அடையாகவோ பாசிப்பருப்புத் தோசையாகவோ மாற்றுங்கள். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி மட்டும் என்பதை விட்டு, பருப்பு கெட்டியாக இருக்கும் சாம்பாரை ஒரு கிண்ணம் வையுங்கள். நாலு மணிக்குக் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல். உருளைக்கிழங்கு வறுவல் சோற்றுக்குப் பக்கத்தில் வரவே வேண்டாம், சோற்றோடு இன்னொரு மாவுச்சத்து எதற்கு?

ஓட்ஸ் பாலைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஓட்ஸ் பால் தயாரிக்கும்போது அதிலுள்ள மாவுச்சத்தை நொதிகள் உடைத்துச் சர்க்கரையாக்கிவிடும், அதனால்தான் சீனி போடாமலே அது இனிக்கிறது. புரதமும் குறைவு. ஒரு நாளைக்கு மூன்று டீ குடிக்கும் நீரிழிவுக்காரருக்கு அது சரிவராது. சீனி சேர்க்காத சோயா பால் வாங்குங்கள், சுண்ணாம்புச்சத்து சேர்த்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு பெரிய டம்ளரில் ஏழெட்டு கிராம் புரதமும் கிடைக்கும். டீயில் திரிகிறது என்றால் பாலை முதலில் லேசாகச் சூடாக்கி கோப்பையில் ஊற்றிவிட்டு அதன்மேல் டீயை ஊற்றுங்கள்.

கொழுப்புக்கு வருவோம். நெய்யும் ஆட்டுக்கறியும் போனதால் கணவரின் எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, இறங்கியிருக்க வேண்டும், ஆனால் தினம் இரவு தேங்காய் அரைத்த குருமா என்றால் அந்த வேலை பாதியிலேயே நின்றுவிடும், ஏனென்றால் தேங்காயின் கொழுப்பில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு. தேங்காயை விரோதி என்று சொல்லவில்லை, தாளித்ததும் மேலே தூவும் துருவல் ஒன்றும் செய்யாது. குருமாவைக் கெட்டியாக்க பொட்டுக்கடலையும் நாலைந்து முந்திரியும் அரைத்துவிடுங்கள். பாதாம், வால்நட், ஆளி விதைப் பொடி, காலையில் வாரம் சில நாள் ஓட்ஸ் கஞ்சி, இவை கொழுப்பு குறைய உதவும். ஆமாம், ஓட்ஸ் பாலை வேண்டாம் என்ற நானேதான் ஓட்ஸைச் சாப்பிடச் சொல்கிறேன், முழு ஓட்ஸில் நார்ச்சத்து அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு வீகனே நீரிழிவுக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த சுமார் 60,000 பேரைப் பற்றி 2009இல் வந்த ஆய்வில், மாமிசம் சாப்பிடுபவர்களில் 7.6 விழுக்காட்டினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருந்தது, வீகன்களில் 2.9 விழுக்காட்டினருக்குத்தான். அவர்கள் எடையும் குறைவாக இருந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உருளைக்கிழங்கு வறுவலும் அப்பளமும் சாப்பிட்டுக்கொண்டு நாம் அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது.

இப்போது மருந்து. கணவர் மெட்ஃபார்மினோடு கிளிபிசைடு, கிளிக்ளசைடு மாதிரி வேறு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கிறார் என்றால், சோற்றைக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். அடுத்தது பி12. இந்தச் சத்து செடிகொடிகளில் கிடைப்பதில்லை, மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் சாப்பிடும்போது உடல் அதை உறிஞ்சுவதும் குறையும், ஆக உங்கள் கணவருக்கு இரண்டு பக்கமும் அடி. குறைந்தால் கால் மரத்துப்போகும், ஊசி குத்துவது போல இருக்கும், அதை நீரிழிவின் நரம்புக் கோளாறு என்றே எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை அளவை மருத்துவர் சொல்லட்டும். தெம்பேவிலும் சுருள்பாசியிலும் பி12 இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும், அதை நம்பி மாத்திரையை விட வேண்டாம்.

உங்கள் மகளுக்கும் பி12 மாத்திரை கட்டாயம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் ஓரிரு ஆண்டுகள் ஒன்றும் தெரியாது, அதுதான் ஆபத்து. ஆனால் அவள் கதை அப்பாவின் கதை இல்லை. அவருக்குக் குறைக்க வேண்டியவை இருக்கின்றன, அவளுக்குச் சேர்க்க வேண்டியவை இருக்கின்றன. 2020இல் வெளிவந்த ஓர் ஆக்ஸ்ஃபர்ட் ஆய்வில், சுமார் 55,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், மாமிசம் உண்பவர்களைவிட வீகன்களுக்கு இடுப்பெலும்பு முறிவது இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. சுண்ணாம்புச்சத்தும் புரதமும் உடல் எடையும் குறைந்திருந்தது அதற்கு ஒரு பகுதிக் காரணம். இருபது வயதில் எலும்பு இன்னும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு, எள்ளிலும் முருங்கைக்கீரையிலும் நிறைய, தாவ்குவா வாங்கும்போது உறையவைக்கக் கால்சியம் உப்பு சேர்த்திருக்கிறார்களா என்று பொட்டலத்தில் பாருங்கள். இரும்புச்சத்துக்குப் பருப்பு, கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளட்டும், சாப்பிட்ட கையோடு டீ காப்பி வேண்டாம், ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

வெளியே சாப்பிடுவது பற்றி இரண்டே வார்த்தை. உணவங்காடி நிலையத்தில் லக்சா நூடுல்ஸிலும் சம்பால் மிளகாய் விழுதிலும் இறால் இருக்கும், சீன சைவக் கடைகளின் போலி இறைச்சியில் சிலவற்றில் முட்டையோ பாலோ சேர்ந்திருக்கும், உப்பும் அதிகம். நம் சைவக் கடைகளில் நெய்யும் தயிரும் எதில் இருக்கும் என்று சொல்லவே முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். பொட்டலமாக வாங்கினால் சிக்கல் குறைவு, முட்டை, பால், மீன், இறால் வகைகள் இருந்தால் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்று சிங்கப்பூரில் சட்டம் இருக்கிறது. காப்பிக்கடையில் பால் இல்லாத கோப்பி ஓ கேட்டாலும், கொட்டையை வறுக்கும்போதே வெண்ணெய் சேர்க்கும் பழக்கம் உண்டு என்பதை உங்கள் மகள் அறிந்திருப்பாள். தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத டீ, என்றால் நிம்மதி.

சரி, தீபாவளி.

முதலில், யாரிடமும் "இந்த வருஷம் வீகன்" என்று முன்கூட்டியே அறிவிக்காதீர்கள். அறிவித்தால் வருகிறவர்கள் குறை தேடிக்கொண்டே வருவார்கள். மேசையில் 'வீகன் மட்டன்' என்று ஒன்றையும் வைக்காதீர்கள், மட்டன் என்ற பெயரைக் கேட்டதும் நாக்கு மட்டனோடுதான் ஒப்பிடும், அந்தப் போட்டியில் பலாக்காய் தோற்றுத்தான் போகும். அதோடு பலாக்காயில் புரதம் மிகக் குறைவு, நார் நாராக இருப்பதால் இறைச்சி மாதிரி தெரிகிறதே தவிர அந்த வேலையை அது செய்யாது. பிரியாணி இல்லாமல் தீபாவளி முடியாது என்றால் மீல்மேக்கரும் காளானும் போட்டுச் செய்யுங்கள். மீல்மேக்கரை உப்புப் போட்ட கொதிநீரில் ஊறவைத்து, பிழிந்து, திரும்பவும் தண்ணீரில் அலசி, திரும்பவும் பிழிய வேண்டும், அந்தச் சோயா வாடை போவதற்கு இதுதான் வழி, இதில் சோம்பல்படுபவர்கள்தான் மீல்மேக்கர் நன்றாக இருக்காது என்பார்கள். அப்புறம் புதினா, இஞ்சி பூண்டு, பச்சைமிளகாய், எலுமிச்சைச் சாறு, சோயா தயிர் சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறட்டும். சோயா தயிர் கிடைக்காவிட்டால் முந்திரியை அரைத்து எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, நன்கு சிவக்க வதக்கிய வெங்காயம் இவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள், பிரியாணி மணம் என்று நாம் சொல்வதில் பெரும்பாலானது அங்கிருந்துதான் வருகிறது. பக்கத்தில் வேறு பதார்த்தங்கள் இருப்பதால் 30 பேருக்கு இரண்டரை கிலோ பாஸ்மதி தாராளம். தயிர்ப் பச்சடிக்குப் பதில் ஆச்சார் வையுங்கள், வெள்ளரி, கேரட், அன்னாசி, எள், வறுத்த வேர்க்கடலை. இங்கே பிரியாணிக்கு ஆச்சார் வைப்பது எல்லாருக்கும் பழகியதுதான், தயிரைத் தேடமாட்டார்கள். கடை ஆச்சாரில் சில சமயம் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், வீட்டிலேயே போட்டுவிடுங்கள்.

இரண்டாவது நட்சத்திரம் தெம்பே சம்பால். மெல்லியதாக வெட்டிப் பொன்னிறமாகப் பொரித்து, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, செராய் (எலுமிச்சைப்புல்) அரைத்து எண்ணெய் பிரியும் வரை வதக்கி, புளியும் கொஞ்சம் குலா மெலாக்கா என்ற பனைவெல்லமும் சேர்த்துப் புரட்டுங்கள். பெலாச்சான் இல்லாமல் ஏதோ குறைகிறது என்று தோன்றும், அங்கே ஒரு கரண்டி தாவ்ச்சியோ, அதுதான் பாட்டிலில் வரும் புளிக்கவைத்த சோயாபீன், மசித்துப் போடுங்கள், அந்தக் குறை தெரியாது. மலாய் நண்பர்கள் தெம்பேவைப் பார்த்ததும் வீட்டுச் சாப்பாடு மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் மாமிசம் இல்லை என்பதாலேயே அவர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாஸ்களில் மது கலந்த வகை இருக்கலாம், ஹலால் முத்திரை உள்ளதை வாங்குங்கள், பாத்திரங்கள் பற்றி அவர்களுக்குத் தயக்கம் உண்டா என்று முன்பே கேட்டுவிடுவது மரியாதை. சீன நண்பர்களில் பௌத்த சைவம் சாப்பிடுபவர் இருந்தால் வெங்காயம் பூண்டு ஆகாது, அவர்களின் பழைய விலக்குப் பட்டியலில் பெருங்காயமும் உண்டு, அதனால் சுண்டலையும் எலுமிச்சைச் சாதத்தையும் இவை மூன்றும் இல்லாமல் செய்துவிடுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் ஒரு சின்ன அட்டையில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி வையுங்கள். முந்திரி, வேர்க்கடலை, எள் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இவற்றோடு உளுந்து வடை, காளான் மிளகு வறுவல், மொச்சைக்கொட்டைக் குழம்பு, கத்திரிக்காய் பச்சடி. முறுக்குக்கு வெண்ணெய்க்குப் பதில் காய்ந்த எண்ணெயை ஒரு கரண்டி மாவில் ஊற்றிப் பிசைந்தாலே மொறுமொறுப்பு வந்துவிடும். இனிப்புக்குப் பாசிப்பருப்புப் பாயசம், வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்தது. திருநாள் அன்றைக்குத் தேங்காய்ப்பாலைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். கெட்டிப் பாலை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள், கொதித்தால் திரியும். கணவருக்கு அரைக் கப், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. அவர் பிரியாணியை எடுப்பதற்கு முன்னால் தட்டில் சுண்டலும் வறுவலும் காய்கறியும் முதலில் ஏறிவிட வேண்டும், சோறு கடைசி. விருந்து நாளில் இந்த ஒரு வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

மாமியார் விஷயத்தில் நீங்கள் வழக்காட வேண்டாம் என்று நினைக்கிறேன். இந்தப் பட்டியலைப் பாருங்கள், மீல்மேக்கரையும் தெம்பேவையும் விட்டால் மீதி எல்லாம் அவர் சமைத்த சமையல்தான், புரட்டாசி விரதத்துக்கும் அமாவாசைக்கும் அவர் கை வைத்த பதார்த்தங்களில் நெய்யையும் தயிரையும் எடுத்துவிட்டால் உங்கள் மகள் தட்டு தயார். மொச்சைக் குழம்பையும் பாயசத்தையும் அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள், பக்குவம் அவர் சொல்லட்டும், விருந்தில் யாராவது பாராட்டினால் அவர் பெயரைச் சொல்லுங்கள். இத்தனைக்கும் பிறகு அவர் தன் இலையில் சோற்றுக்கு நெய் கேட்டால் அவருக்கு மட்டும் ஒரு கரண்டி ஊற்றுங்கள். மகளிடமும் இதை முன்பே சொல்லிவையுங்கள், விருந்தாளிகள் முன்னால் அதற்கு ஒரு விவாதம் வேண்டாம்.